சாமி சாட்சி

சகம் 1347 முடிந்து நடந்த விசுவாவசு வருஷம், பங்குனி 3, புதன்கிழமை, சஷ்டி திதி, அனுஷ நட்சத்திரம். இங்கிலீஷ் கணக்கில் 1426. விஜயநகரத்தில் இரண்டாம் தேவராயர் ஆட்சி. அன்றைக்குப் படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்களில் கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாளர் எல்லாரும் சேர்ந்து ஒரு பத்திரம் எழுதினார்கள். இனிமேல் கன்னியாதானமாகத்தான் கல்யாணம். பொன் வாங்கிக்கொண்டு பெண்ணைக் கொடுக்கக் கூடாது, பொன் கொடுத்துப் பெண்ணைக் கட்டவும் கூடாது. மீறினால் வாங்கினவன், கொடுத்தவன் இருவருக்கும் அரச தண்டனை; சாதியிலும் இடமில்லை. கீழே வரிசையாகக் கையெழுத்துகள். இத்தனையும் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலின் முன்கோபுரத்துக்குள் கல்லில் வெட்டியிருக்கிறது. ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மன்காரர் பதிப்பித்து 1890ல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே இது அச்சாகிவிட்டது. எங்கள் பக்கத்து ஜனங்கள் அர்ச்சனைத் தட்டோடு அதைத் தாண்டித்தான் போகிறோம், வருகிறோம்.

நான் கல்வெட்டு படித்தவள் இல்லை. பத்தாவது முடித்ததும் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்குப் போனேன். தமிழ் எம்.ஏ. அஞ்சல் வழியில் பிறகு வந்தது. அதற்கும் பிறகு விரிஞ்சிபுரத்துக்குக் கிட்ட ஓர் ஊராட்சியில் ஒரு தவணை வார்டு உறுப்பினராக இருந்தேன். கூட்டம், தீர்மானம், கையெழுத்து இவையெல்லாம் எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, அந்தப் பத்திரத்தை அச்சில் படித்தபோது சரித்திரம் மனசில் நிற்கவில்லை, ஒரு கேள்விதான் நின்றது. ஊர் கூடி, சாமி முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது தர்மம் ஆகிவிடுமா?

எழுதினவர்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. தர்மத்தை நிலைநாட்டும் உடன்படிக்கை என்றே அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். யோசித்தால் அது கொஞ்சம் விசித்திரமான பேர். பெண்ணுக்கு விலை வாங்குவதை ஆசுர விவாகம் என்று சாஸ்திரங்கள் முன்பே பழித்துவிட்டன. கூடியிருந்தவர்கள் எல்லாருமே வேதம் படித்த பெரியவர்கள். தர்மம் ஏற்கெனவே ஏட்டில் இருக்கிறது என்றால் அதை எதற்கு மறுபடியும் நிலைநாட்ட வேண்டும்? ஏட்டில் இருந்தது வீட்டில் இல்லை, அதனால்தான். பிராமணர் வீடுகளிலேயே பொன் கைமாறிக்கொண்டிருந்தது. சாஸ்திரம் சொன்னால் மட்டும் போதாது, நாலு பேர் கூடி 'இன்று முதல்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் பெரியவர்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சாஸ்திரமும் இதற்கு வழிவிட்டுத்தான் வைத்திருக்கிறது. தர்மத்தில் சந்தேகம் வந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் மூன்று பேராவது, கற்றவர்கள் கூடி முடிவு செய்யலாம் என்கிறது மனு நூல். ஆக, வானத்திலிருந்து வந்ததென்று நாம் நினைக்கிற அறத்துக்கும் கடைசியில் ஒரு கூடம் வேண்டும், நாலு பேர் வேண்டும், அதை எழுத ஒருவர் வேண்டும்.

அந்தக் கூடம் எது என்பதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பத்திரம் எழுதப்பட்டது அர்க்கபுஷ்கரிணி கோபிநாதர் சன்னிதியில் என்று கல்வெட்டே சொல்கிறது. கோபிநாதர் பெருமாள். பெருமாள் முன்னால் எழுதினதைச் சிவன் கோயில் வாசலில் கொண்டுவந்து வெட்டியிருக்கிறார்கள். சாட்சிக்கு ஒரு சாமி, ஊருக்குச் சொல்ல இன்னொரு சாமியின் வாசல். சைவம், வைணவம் என்று இன்றைக்கு நாம் போடுகிற சண்டையை அவர்கள் இந்த விஷயத்தில் பார்க்கவில்லை. பத்துப் பேர் கண்ணில் படுகிற இடம் எது என்று மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். விரிஞ்சிபுரம் கோபுரம் அந்தக் காலத்தில் அறிவிப்புப் பலகையாகவும் இருந்தது.

அறிவிப்புப் பலகை மட்டும் என்ன, ஊர்க் கடிகாரமும் கோயிலுக்குள்தான். பிராகாரத்தில் ஒரு கல் இருக்கிறது. பாதி நிலா மாதிரி வடிவம், அதில் மணிக் கோடுகள். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் துடைப்பக் குச்சியை வைத்துவிட்டுக் கைப்பேசியோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சிரிப்பார்கள். வழிப்போக்கர் படுக்கவும், கல்யாணம் முடிக்கவும், கதை கேட்கவும் மண்டபங்கள். மதிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், திருவிரிஞ்சை மதிலழகு என்று பழஞ்சொல்லே இருக்கிறது. மன்னார்குடிக்காரர்கள் அந்தப் பெருமை தங்கள் மதிலுக்குத்தான் என்பார்கள். அவர்கள் ஒருமுறை இங்கே வந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

டவுன் ஹால் என்று தனியாக ஒரு கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த வழக்கம். சென்னையில் விக்டோரியா பப்ளிக் ஹால் கட்டினார்கள். 1897ல் விவேகானந்தர் அங்கே பேசினார். அங்கே கர்ப்பக்கிருகம் கிடையாது, டிக்கெட்டும் நாற்காலியும்தான். எங்கள் மாதிரி கிராமங்களுக்கு அந்த வரிசையில் வந்து சேர்ந்தது ஊராட்சி மன்றக் கட்டடமும் சமுதாயக் கூடமும். சுவரில் காந்தி, அம்பேத்கர், முதலமைச்சர் படங்கள். ஒரு மூலையில் கொடி ஏற்றுகிற கம்பம், இன்னொரு மூலையில் ப்ளீச்சிங் பவுடர் மூட்டை.

கோயிலுக்கும் இந்தக் கூடத்துக்கும் நடுவில் உத்திரமேரூர் நிற்கிறது. பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், குடவோலை முறையைச் சுவரில் வெட்டிவைத்த வைகுண்டப் பெருமாள் கோயில், அந்த ஊர்ச் சபை கூடிய மண்டபம். முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். நிற்பவருக்கு வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது, அவன் உறவுக்காரனும் கூடாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சில முகங்கள் ஞாபகம் வரும், சொல்ல மாட்டேன். குடத்திலிருந்து ஓலை எடுப்பது விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன். பெரியவர்கள் கையை நம்பாமல் பிள்ளையின் கையை நம்பினார்கள். அந்த மண்டபத்தை எல்லாரும் மெச்சுகிறார்கள், நானும் மெச்சுகிறேன். ஆனால் நிலமில்லாதவர் அதில் உட்காரவில்லை, பெண்ணும் உட்காரவில்லை.

1426க்குத் திரும்பினால் அங்கேயும் இதே காலி இடம்தான். பத்திரம் முழுக்கக் கல்யாணத்தைப் பற்றியது. யார் கொடுக்கலாம், யார் வாங்கலாம், மீறினால் என்ன தண்டனை எல்லாம் இருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவள் இல்லை. அவள் தானப்பொருளாக இருக்கிறாள், தரப்பாக இல்லை. தோல் பதனிடுகிற குடும்பங்களில் பிறந்தவர்களை அந்தக் கோபுரத்துக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு 1939ல்தான் வந்தது, எல்லாக் கோயிலுக்குமான சட்டம் 1947ல்தான். அதற்கு முன்னால் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் கல் படிக்க முடிந்தவர்களுக்கு மட்டும் படிக்கக் கிடைத்தது.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். தேவாரம் பாடுகிறவர், நல்ல மனுஷர். "சாமி சன்னிதிலதானேம்மா எழுதினாங்க? சாமிக்குத் தெரியாததா? எல்லாருக்கும் சேர்த்து அவர் அங்க நின்னாரே" என்றார்.

லேசாகத் தள்ளிவிடக்கூடிய பதில் இல்லை இது. சாமி முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய் என்றால் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பாதிப் பொய் அடங்கிவிடும். மனுஷனை மனுஷன் ஏமாற்றலாம், மேலே ஒரு கண் இருக்கிறது என்ற பயம் சபைக்கு நல்லது. விக்டோரியா ஹாலிலோ ஊராட்சிக் கட்டடத்திலோ அந்தப் பயம் குறைவு என்றுகூட நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் பெரியவர் சொன்னதில் ஓர் ஓட்டை இருக்கிறது. சாமிக்கு எல்லாம் தெரியும். ஆனால் சாமி கூட்டத்தில் எழுந்து பேசாது. அதன் சார்பில் யாரோ பேசுகிறார்கள். யார் பேசுகிறார்கள் என்று பார்த்தால் கையெழுத்துப் போட்டவர்களேதான். சாட்சி கேட்டவனும், சாட்சிக்கு அர்த்தம் சொல்கிறவனும் ஒரே ஆள் என்றால் அங்கே சாமி என்ன செய்யும்?

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது சாஸ்திரம் இல்லை, பாரதம். வட ஆற்காட்டில் திரௌபதியம்மன் கோயில் இல்லாத வட்டாரம் அபூர்வம். வெயில் காலத்தில் மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. துகிலுரிகிற ராத்திரிக்கு மட்டும் கூட்டம் வேறு மாதிரி உட்கார்ந்திருக்கும். திரௌபதி வேஷம் கட்டியிருப்பவர் ஆம்பிளைதான், பகலில் அவர் டீக்கடையில் பீடி பிடித்ததைக்கூடப் பார்த்திருப்போம். ஆனாலும் துச்சாதனன் கூந்தலைப் பிடித்து இழுத்துவரும்போது பெண்கள் எழுந்து நிற்பார்கள், கற்பூரத் தட்டு முன்னால் போகும். கட்டியக்காரன்கூட அந்த நேரத்தில் வாயைக் கட்டிக்கொள்வான்.

கூத்தில் எல்லாரும் புடவையைத்தான் பார்க்கிறார்கள். நான் அவள் கேட்ட கேள்வியைப் பார்க்கிறேன். சூதில் என் கணவர் தன்னைத் தோற்றபிறகு என்னை வைத்தாரா, தோற்பதற்கு முன்னால் வைத்தாரா? தோற்றவனுக்கு இன்னொருத்தியை வைத்து ஆட உரிமை ஏது? சட்டக் கேள்வி. கேட்கப்பட்ட இடம் ராஜசபை. பீஷ்மர், துரோணர், கிருபர், தர்மம் தெரிந்த அத்தனை பேரும் இருந்தார்கள். தர்மம் ரொம்ப நுட்பமானது என்று பீஷ்மர் நழுவினார். துரியோதனன் தம்பிகளில் ஒருவன், விகர்ணன், எழுந்து அவள் தோற்கப்படவில்லை என்றான். அவனைக் கர்ணன் அடக்கி உட்காரவைத்தான். அதற்குப் பிறகுதான் கண்ணன் புடவை கொடுத்தது. மானம் தப்பியது, சரி. கேள்விக்குப் பதில்? சபை கடைசிவரை சொல்லவில்லை. சாமி வந்து காப்பாற்றியதால் சபையின் குற்றம் தீர்ந்துவிடவில்லை. அது தீராததால்தான் பதினெட்டு நாள் சண்டை.

விரிஞ்சிபுரத்துத் தலபுராணமே இதைத்தான் இன்னொரு விதமாகச் சொல்கிறது என்பது என் எண்ணம். இங்கே மூலவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். காரணம் கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். கோயில் குருக்கள் செத்துப்போகிறார். மனைவியும் சின்னப் பையனும் மிச்சம். தாயாதிகள் பூசை உரிமையையும் சொத்தையும் பிடுங்கப் பார்க்கிறார்கள். கார்த்திகைக் கடைசி ஞாயிறு பையனுடைய முறை. அவன் பூசை செய்யத் தெரியாதவன், செய்யாவிட்டால் உரிமை போகும். தாய் சாமியிடம் அழுகிறாள். சாமி கிழவராக வந்து அவனுக்குத் தீட்சை கொடுக்கிறார். மறுநாள் பையன் உள்ளே போகிறான், குடத்தைத் தூக்குகிறான், லிங்கத்தின் உச்சி எட்டவில்லை. லிங்கம் தலையைச் சாய்த்துக்கொடுக்கிறது.

பக்தர்கள் சாமியின் கருணையைச் சொல்லிக் கண்ணீர் விடுவார்கள். என் கண்ணுக்குத் தாயாதிகளும் தெரிகிறார்கள். அவர்கள் சொன்னதில் சட்டப்படி தப்பு ஒன்றுமில்லை, முறை என்றால் முறைதான். விதவையின் பக்கம் பேச ஊரில் ஒரு நாக்கு இல்லை. ஊர் குனிந்து கொடுத்திருந்தால் சாமி குனிந்திருக்க வேண்டாம். இன்னொன்றும் பாருங்கள்: பையன் உள்ளே வந்து குடத்தைத் தூக்கின பிறகுதான் சாமி சாய்ந்தது. வாசலில் நிறுத்தி வைத்திருந்தால் எப்படிச் சாயும்?

இந்தச் சாமிக்கு வழித்துணைநாதர் என்று பேர். கள்ளர் பயம் உள்ள பாதையில் மிளகுப் பொதியோடு போன வியாபாரிக்குத் துணையாக வேடன் வேஷத்தில் கூடவே நடந்து வந்தவர். நான் கார்த்திகைக் கடைஞாயிறு ராத்திரி சிம்மக் குளத்தில் முழுகி, ஈரப்புடவையோடு பிராகாரத்தில் படுத்திருக்கிறேன். சிங்கத்தின் வாய் வழியாகப் படியில் இறங்கிப் போக வேண்டும், வருஷத்தில் அன்றைக்குத்தான் திறப்பார்கள். கல் சில்லென்று முதுகில் ஏறும். பக்கத்தில் வாணியம்பாடிக்காரி, அந்தப் பக்கம் சித்தூரிலிருந்து வந்த தெலுங்குக்காரி, எல்லாரும் ஒரே வரம் கேட்டுப் படுத்திருப்போம், கிழவர் கனவில் பழத்தோடு வருவாரென்று. அந்த ராத்திரியில் யாரும் யார் சாதி என்று கேட்டதில்லை. நாலு தினுசு ஆட்கள் கூடிய இன்னொரு சபை அது. பேச்சு கிடையாது, பத்திரம் கிடையாது. அங்கே எனக்குத் தெரிந்த சாமி, கூடப் படுத்திருக்கிற சாமி. பத்திரத்துக்குச் சாட்சி நிற்கிற சாமியை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

பத்திரம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். என் பாட்டி காலத்தில் எங்கள் சனத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசப்பணம் கொடுப்பார்கள். பெண் பாடுபடுகிறவள், அவள் போனால் பிறந்த வீட்டுக்கு நஷ்டம், அதற்கு ஈடு. பெரிய சாதிக்காரர்கள் இதைக் கேவலமாகப் பார்த்தார்கள், பெண்ணை விற்கிறார்கள் என்று. கொஞ்சம் காசு வந்ததும் எங்கள் சனமும் பரிசத்தை விட்டுவிட்டுக் கௌரவமாக மாறியது. கௌரவம் என்றால் வரதட்சணை. பொன் இப்போது எதிர்ப்பக்கம் ஓடுகிறது. 1426 பத்திரம் பெண் வீட்டுக்குப் போகும் பொன்னைத்தான் தடுத்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் பொன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கல்லால்தான் இப்படி ஆயிற்று என்று நான் சொல்லவில்லை. அந்தத் திசைக்கும் ஒரு தடை வர 1961 வரதட்சணைத் தடுப்புச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஷூ கம்பெனி சாப்பாட்டு நேரத்தில் வந்து பாருங்கள். இருபது வயசுப் பெண்கள் டிபன் பாக்ஸ் மூடியில் கணக்குப் போடுவார்கள். நகைச்சீட்டு எத்தனை மாதம் கட்டியாயிற்று, இன்னும் எத்தனை சவரன் மிச்சம், மாப்பிள்ளைக்கு பைக் சேர்த்தா சேர்க்காமலா. ஷூவின் அப்பர் தைத்துத் தைத்து ஊசி ஏறின விரல்களால் தங்கள் விலையைத் தாங்களே எண்ணுகிறார்கள். கன்னியாதானம் என்ற சொல்லைப் பத்திரிகையில் இன்னும் அச்சடிக்கிறோம். 1426ல் அந்தச் சபையில் ஒரு பெண் எழுந்து, "பொன் எந்தப் பக்கமும் போகக் கூடாது என்று எழுதுங்கள்" என்று சொல்லியிருந்தால் பத்திரம் வேறு மாதிரி வந்திருக்கும். சாஸ்திரம் தெரிந்தவர்களுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கும், ஏனென்றால் அது அவள் கழுத்து.

ஆகவே என் முடிவு இது. ஊர் கூடினால் விதி பிறக்கும். சாமி முன்னால் கூடினால் விதிக்குப் பயம் பிறக்கும். யாரைப் பற்றிய விதியோ அவர் உள்ளே வந்து வாயைத் திறக்க முடிந்தால்தான் அதற்குத் தர்மம் என்று பேர் வைக்கலாம். பெருமாள் சாட்சியாக நின்றாலும் இந்த ஒரு நிபந்தனையைத் தள்ளுபடி செய்ய முடியாது.

அப்படி வாயைத் திறக்க இன்றைக்கு இடம் இருக்கிறதா என்றால், சட்டத்தில் இருக்கிறது. 73ஆவது திருத்தத்துக்குப் பிறகு, 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லாரும் கிராம சபை. 2016லிருந்து உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு நாளாக இருந்தது, 2022ல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறாயிற்று. மார்ச் 22 தண்ணீர் தினம். பாலாற்றங்கரையில் குடியிருக்கிற நாங்கள் அன்றைக்குப் பேசாவிட்டால் வேறு என்றைக்குப் பேசுவது? தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதுவும் ஒரு சபையில் பிறந்த தர்மம்தான், டெல்லியில். எங்கள் கூடத்தில் அதைப் பேசினால், வேலைக்கு உலை வைக்காதே என்று எங்கள் ஆட்களே கத்துவார்கள். அவர்கள் கத்துவதும் நியாயம், அதற்கும் அந்தக் கூடத்தில் இடம் வேண்டும்.

ஆனால் நான் உறுப்பினராக இருந்தபோது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜனத்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும். அந்த எண்ணிக்கைக்கு நூறு நாள் வேலைப் பெண்களைக் கூட்டிவந்து ஷாமியானாவுக்குக் கீழே உட்காரவைப்பார்கள். கூட்டம் ஆரம்பிக்கும் முன்னாலேயே நோட்டு கைமாறி வரும். "கையெழுத்துப் போடுக்கா, தீர்மானம் அப்பறம் எழுதிக்கலாம்." மேலே வெற்றுக் கோடுகள், கீழே எங்கள் கையெழுத்துகள், கைநாட்டுகள். பிஸ்கட், டீ, கலைந்து போய்விடுவோம். நான் ஒருமுறை எழுதினதைப் படித்துக் காட்டச் சொன்னேன். "படிச்ச பொம்பளை வந்தா இதான் பேஜாரு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது, ஆனாலும் படித்தார்கள். படித்ததில் நாங்கள் பேசாத இரண்டு தீர்மானம் இருந்தது, நாங்கள் பேசின கழிவுநீர்க் கால்வாய் இல்லை. அன்றைக்குக் கால்வாயைச் சேர்த்து எழுதவைத்தது எங்கள் தெருப் பெண்கள், நான் மட்டுமில்லை.

அடுத்த கிராம சபைக்குப் போங்கள், உங்கள் வீட்டுப் பெண்களையும் கூட்டிப் போங்கள். நோட்டு உங்கள் கைக்கு வரும்போது மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு, அல்லது யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.